புரட்டாசியில் ஒரு மார்கழி

சாலையின் குறுக்கே விழுந்து கிடந்த புளியமரத்தின் மேல் கட்டிலின் முன்கால்களை ஏற்றி வைத்துவிட்டுக் கண்ணாயிரம் மூச்சு வாங்கினார். பின்னால் பிடித்திருந்த டிரைவர் பாவாடை, "இன்னும் ஒரு சாண் தூக்குங்கண்ணே, பாப்பா சரியுது" என்றான். கயிற்றுக் கட்டிலில் இருசம்மாள் தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். படுக்க வைத்தால் அவளுக்கு மூச்சு வராது. பதினேழு வயதுப் பெண். எடை என்று சொல்ல உடம்பில் ஒன்றுமில்லை. வீங்கிய கால்கள் மட்டும்தான் கனத்தன. அவள் தாய் பாப்பாத்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளைகளுக்குள் புகுந்து, மகளின் முகத்தில் சுள்ளி கீறாமல் இரண்டு கைகளாலும் ஒதுக்கிப் பிடித்திருந்தாள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பிய கார் இந்த மரம் வரைக்கும்தான் வந்தது. இதைத் தாண்டினால் இன்னொரு மரம் கிடப்பது இங்கிருந்தே தெரிந்தது.

இட ஒதுக்கீடு கேட்டு அவர்கள் சாதிச் சங்கம் அறிவித்த சாலை மறியல். ஒரு வாரத்துக்கு எந்த வண்டியும் ஓடாது என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள். கண்ணாயிரமும் அதை நியாயம் என்றே நினைத்தார். மோட்டார் காயில் கட்டும் அவருடைய கடையின் பெஞ்சில் உட்கார்ந்து இளவட்டங்கள் பேசும்போது, டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் இருசம்மாளுக்கு இப்படித் திணறும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இருதயத்தின் வால்வைக் கெடுத்திருந்தது. ஆபரேஷனுக்குத் தீபாவளி கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். இன்று விடிந்தபோது உதடு நீலம் பாரித்துவிட்டது. ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, இனி இங்கே வைத்திருக்கக் கூடாது, புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார். எப்படிக் கொண்டுபோவது என்று அவருக்கும் தெரியவில்லை. இருந்த ஒரே ஆம்புலன்சும் விழுப்புரம் பக்கம் போய் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது.

மரத்தின் மறுபக்கம் நின்றிருந்த கூட்டத்திலிருந்து ஒருவன் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிலின் காலைப் பிடித்தான். பாப்பாத்தியின் தம்பி சின்னதுரை. அவன் ஊர் தியாகதுருகத்துக்கு இந்தாண்டைதான். முழங்கை வரைக்கும் மரத்தூள் அப்பியிருந்தது.

"சொல்லி அனுப்பக் கூடாதா மாமா" என்றான்.

பாப்பாத்தி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்த மரத்தூளைப் பார்த்தாள். "பையத் தூக்குடா" என்று மட்டும் சொன்னாள்.

அவன் கையால் வெட்டியதுதான் அந்த மரம் என்று யாரும் சொல்லாமலே கண்ணாயிரத்துக்குத் தெரிந்தது. சின்னதுரை ஃபிட்டர் படிப்பு முடித்தவன். மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலையிலிருந்து மின்சார வாரியம் வரைக்கும் மனுப்போட்டு அலுத்துப்போய், கடைசியில் அப்பனின் கரும்புத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போனவன். போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது, கூட்டத்தில் கேட்டதையெல்லாம் இருசம்மாளிடம் விரல் மடக்கி விளக்கிக்கொண்டிருந்தான். அவள் சிரித்துக்கொண்டே, "எனக்கும் சேத்துக் கேளு மாமா. நர்சு படிக்கணும்" என்றாள்.

இருசம்மாள் வளர்க்கும் ஆமையையும் அவன்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தான். இரண்டு கோடைக்கு முன் கிணற்றில் சேறு வாரும்போது வாளியில் ஏறி வந்தது. உள்ளங்கை அகலம், கறுத்த ஓடு, கழுத்தோரத்தில் மஞ்சள் புள்ளிகள். பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோய் வீட்டுக்குள்ளேயே கிடக்கும் அக்கா பொண்ணுக்கு ஒரு வேடிக்கை என்று கோணிப்பையில் போட்டுத் தூக்கி வந்துவிட்டான். பாப்பாத்தி வாசலிலேயே மறித்தாள். ஆமை புகுந்த வூடு உருப்படுமாடா, அறிவு கெட்டவனே என்று தம்பியைத் திட்டினாள். இருசம்மாள் பையைத் திறந்து பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். மகள் கேட்டு எதையும் மறுக்க முடியாத காலமாகிவிட்டிருந்தது அது. பாப்பாத்தி உள்ளே போய்விட்டாள். ஆனால் அதற்குப் பிறகு ஆமை இருந்த தொட்டியை அவள் தொட்டதே இல்லை.

கண்ணாயிரம் பழைய டிரம் ஒன்றை நெடுக்காக அறுத்து, கருப்புப் பெயிண்ட் அடித்து, இருசம்மாளின் கட்டிலுக்குப் பக்கத்தில் தொட்டியாகப் போட்டார். ஏறி உட்கார ஒரு செங்கல். மகள் அதற்கு ஏட்டய்யா என்று பெயர் வைத்தாள். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு அது செங்கல் மேல் ஏறுவது, தெருமுனையில் வண்டி மறிக்கும் ஏட்டு மாதிரியே இருக்கிறதாம். குரவை மீன் துண்டு போட்டால் ஓடிவந்து பிடுங்கும். அவள் விரல் அசைந்தாலே தலையை நீட்டும்.

அந்த வருஷ மார்கழியில் அது தின்பதை நிறுத்திவிட்டது. தொட்டியின் மூலையில் கல் மாதிரி கிடந்தது. கோடையில் கட்டில் கால் வரைக்கும் வந்த வெயில், மார்கழியில் ஜன்னல் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. செத்துவிடும் போலிருக்கிறது, கொண்டுபோய் ஏரியில் விட்டுவிடலாம் என்றார் கண்ணாயிரம். இருசம்மாள் விடவில்லை. வெயிலுக்குப் பதிலாக ஒரு பல்பு போட்டுக் கொடு என்றாள். அவர் செங்கல்லுக்கு நேர் மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, சுவிட்சைக் கட்டில் தலைமாட்டில் பொருத்தினார். அவள் செங்கல் மேல் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்து, சூடு ஜாஸ்தி, கம்மி என்று சொல்லிச் சொல்லிப் பல்பை ஏற்றி இறக்க வைத்தாள். சில நாளில் அது செங்கல் மேல் ஏறியது. பின்கால்களை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடி வெளிச்சத்துக்குக் கீழே கிடந்தது. பொங்கலுக்குள் மீன் தின்றது.

ஒரு தடவை ராத்திரியும் பல்பு எரிந்தால் இன்னும் தேறும் என்று நினைத்து அணைக்காமல் விட்டாள். அது விடிய விடியத் தொட்டிச் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தது. அதற்கும் ராத்திரி வேண்டுமாம். அன்றிலிருந்து பொழுது கிளம்பும்போது போட்டு, பொழுது சாயும்போது அணைப்பாள். காய்ச்சலில் கிடந்தாலும் அந்த நேரத்துக்குக் கை தானாகத் தலைமாட்டுக்குப் போகும்.

மறியல் தொடங்கிய அன்றைக்கே தெருமுனையில் ஒரு வேப்பமரம் மின்கம்பியின் மேல் சாய்ந்தது. அதோடு பல்பு அணைந்தது. மேலே புரட்டாசி மூடாப்பு வேறு. பகலிலேயே அறைக்குள் முகம் தெரியவில்லை.

இரண்டாவது மரத்தைத் தாண்டியதும் ஒரு கரும்பு டிராக்டர் கிடைத்தது. சின்னதுரைதான் ஓடிப்போய்க் கேட்டுக் கொண்டுவந்தான். டிரெய்லரில் காய்ந்த கரும்புச் சோகையைப் பரப்பிக் கட்டிலை ஏற்றினார்கள். பாவாடை தன் காரைப் பார்க்கத் திரும்பிவிட்டான். சின்னதுரை டிராக்டருக்கு முன்னால் சைக்கிளில் போனான். ஒவ்வொரு மறியலிலும் இறங்கி, எங்க அக்கா பொண்ணு, எங்க அக்கா பொண்ணு என்று கையெடுத்துக் கும்பிட்டான். யாரும் தடுக்கவில்லை என்பதுதான் கண்ணாயிரத்துக்குக் கடைசிவரை நெஞ்சில் முள்ளாக நின்றது. எல்லாரும் ஓடிவந்தார்கள். கிளையை வெட்டினார்கள், கட்டிலைத் தூக்கினார்கள், ஒருவர் வீட்டிலிருந்து சொம்பில் வெந்நீர் கொண்டுவந்தார். கெட்ட வார்த்தை சொல்லி அவர் திட்டித் தீர்க்க அங்கே ஒரு ஆள் இல்லை. நேரம்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மரத்தைச் சுற்றி வயலுக்குள் இறங்கிய டிராக்டர் சேற்றில் சிக்கியபோது, இருசம்மாள் கண்ணைத் திறந்து அப்பாவைத் தேடினாள்.

"ப்பா, தொட்டிய ஜன்னலாண்ட நவுத்திட்டு வந்தியா?"

காலையில் கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். பதற்றத்தில் அவர் மறந்துவிட்டார்.

"நவுத்திட்டேன் கண்ணு."

அவள் வானத்தைப் பார்த்தாள். ஈயம் பூசின மாதிரி இருந்தது. "இந்த மூடாப்புல அங்க வச்சாலும் பத்தாது" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. பேசாதே என்று பாப்பாத்தி நெஞ்சைத் தடவினாள்.

"மார்கழி வந்துட்டுதுன்னு நெனச்சிக்கினு இருக்கும்ப்பா அது. கம்பி அறுந்தது அதுக்கு இன்னா தெரியும்?"

"கரண்ட் வந்துடும்மா. ஒரு வாரந்தானே."

"ஒரு வாரம் தாங்கும்" என்றாள் இருசம்மாள். "மார்கழி பூரா தாங்கிச்சே."

பிறகு அவள் பேசவில்லை. டிராக்டர் மறுபடி சாலைக்கு ஏறியது. எலவனாசூர்கோட்டைக்கு முன்னால் சாலையைக் குறுக்கே வெட்டிப் பள்ளமாக்கியிருந்தார்கள். உள்ளே மழைத் தண்ணீர். டிராக்டர் நின்றது. சின்னதுரை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கி ஆழம் பார்த்தான், இடுப்பளவு வந்தது. கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக் கடத்தலாம் என்று அங்கிருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது, பாப்பாத்தி மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள். அவள் அழவில்லை. அவளுடைய பார்வை பள்ளத்தின் மேல் இருந்தது.

"திருப்பச் சொல்லுடா வண்டிய" என்றாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் கட்டிலைக் கண்டதும் ஆட்கள் தலையிலிருந்த துண்டை எடுத்தார்கள். தூக்கிக் கடத்த அவர்கள் முன்வந்தபோது கண்ணாயிரம் எல்லாருக்கும் இடம் கொடுத்தார். பிள்ளையைப் படுக்க வைத்திருந்தார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் மல்லாந்து படுத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தெருப் பெண்கள் வாசலில் கூடியிருந்தார்கள். கண்ணாயிரத்தின் அக்கா லட்சுமியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். கட்டிலை நடுக்கூடத்தில் இறக்கினார்கள். ஒப்பாரி எழும்பியது. கண்ணாயிரம் எல்லாரையும் விலக்கிக்கொண்டு மகளின் அறைக்குள் போனார். குனிந்து தொட்டியின் விளிம்பைப் பிடித்து இழுத்தார். தண்ணீரோடு கனத்தது, தரையில் கிறீச்சென்று தேய்ந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. எட்டிப்பார்த்த லட்சுமியம்மாள் பதறிப்போனாள்.

"இன்னா பண்றே தம்பி? எழவு வூட்டுல இது இப்ப எதுக்கு?"

அவர் ஜன்னலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் நிமிர்ந்தார். தொட்டிக்குள் நேற்றுப் போட்ட மீன் துண்டு வெளுத்து மிதந்தது. ஆமை மூலையில் ஓட்டுக்குள் கிடந்தது. ஜன்னலில் வெளிச்சம் என்று சொல்ல எதுவும் இல்லை.

வெளியூர்ச் சொந்தம் யாரும் வந்து சேர வழியில்லை. சொல்லி அனுப்பவும் வழியில்லை. காத்திருந்து பயன் என்ன, பொழுதுக்குள் எடுத்துவிடலாம் என்றார்கள். சின்னதுரை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி வெட்டக் கிளம்பினான். வெட்டியானோடு சேர்ந்து தானும் வெட்டினானாம். ஆழம் போதும், ஏறி வாப்பா என்று கூப்பிட்டும் வெகுநேரம் குழிக்குள்ளேயே நின்றிருந்தான் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

பெண்கள் இருசம்மாளைக் குளிப்பாட்டி, கடைசிப் பொங்கலுக்கு எடுத்த பாவாடை தாவணியைக் கட்டிவிட்டார்கள். கடைகள் மூடியிருந்ததால் மாலை கிடைக்கவில்லை. வீட்டுக்கு வீடு பறித்த கனகாம்பரத்தைக் கட்டிப் போட்டார்கள். பாப்பாத்தி சுவரில் சாய்ந்து அறை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒப்பாரியில் யாரோ ஆமையை இழுத்தார்கள். வந்து புகுந்து குடியைக் கெடுத்தது என்று பாடினார்கள். கண்ணாயிரம் மனைவியைப் பார்த்தார். அவள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

மரம் விழுந்த கம்பியைச் சரிசெய்ய மின்வாரியத்து ஆட்கள் நடந்தே வந்திருந்தார்கள் போலும். எடுப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பு கரண்ட் வந்தது. அறைக்குள் பல்பு எரிந்தது. மகள் போட்டு வைத்த சுவிட்சு; அணைந்த அன்றிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. பல்புக்குக் கீழே தொட்டி இல்லை. அது இருந்த இடத்தில் துருக்கறை பிடித்த வெறும் தரை பளிச்சென்று தெரிந்தது. ஒப்பாரி நின்றது. லட்சுமியம்மாள் எழுந்து அணைக்கப் போனாள்.

"இருக்கட்டும் அண்ணி" என்றாள் பாப்பாத்தி. "இன்னும் பொழுது சாயல."

அவளே எழுந்தாள். அறைக்குள் போய் முந்தானையை இடுப்பில் செருகினாள். அந்த டிரம்மை முதல் முறையாகத் தொட்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். நகரவில்லை. கண்ணாயிரம் உள்ளே போய் மறுபக்கம் பிடித்தார். இருவருமாகத் தொட்டியைப் பல்புக்குக் கீழே கொண்டுவந்தார்கள். அவள் செங்கல்லைச் சரியாக வைத்து, அதன் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, மகளின் கால்மாட்டில் உட்கார்ந்து, அதன் பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.

இருசம்மாளை எடுத்துக்கொண்டு போனார்கள். முன்பக்கத் தோள் கொடுத்தது சின்னதுரை. வழி முழுக்க அவன் தோள் மாற்றவில்லை. மண் தள்ளும்போது, வேறு ஊரில் மறியல் செய்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடாம், சிலர் செத்துப்போனார்களாம் என்று கூட்டத்தில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். சின்னதுரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு அடுத்த பிடி மண்ணைப் போட்டான்.

கண்ணாயிரம் திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது அறை இருட்டாக இருந்தது. பாப்பாத்தி நேரத்துக்கு அணைத்திருந்தாள்.

மறுநாள் அவளே விளக்கைப் போட்டாள். அதற்கு மறுநாளும் போட்டாள். மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் போட்டாள். மூடாப்பு விலகி நல்ல வெயிலும் வந்தது. ஆமை செங்கல் மேல் ஏறவில்லை. மீன் போட்டாள், கீரை போட்டாள், மண்புழு தோண்டிப் போட்டாள். தின்னவில்லை. விரலை அசைத்துப் பார்த்தாள். தலை வெளியே வரவில்லை. குளிர் இல்லை, வெளிச்சத்துக்கும் குறைவில்லை. இதுக்கு மேல இன்னா செய்யறதுன்னு தெரியல என்று கணவரிடம் சொன்னாள். மகளிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று இருவருக்கும் தோன்றியது.

காரியத்துக்கு வந்த சின்னதுரை தொட்டியை எட்டிப் பார்த்தான். "கெணத்துலயே கொண்டுபோய் வுட்டுடறேங்கா" என்றான். பாப்பாத்தி கோணியை நனைத்து, ஆமையை அவளே எடுத்து அதற்குள் வைத்துக் கொடுத்தாள். அவன் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனான். அடுத்த முறை வந்தபோது அது நீந்தியதா என்று யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவனாகவும் சொல்லவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் ஒரு பெரியவர் சைக்கிள் கேரியரில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார். கடை பூட்டியிருக்கவும் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். நேத்துதான் எங்க ஊருக்குக் கரண்ட் வந்துது, வோல்டேஜ் ஏத்தமா வந்து மோட்டார் பொகஞ்சிட்டுது, நாத்து காயுது என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவர், கண்ணாயிரத்தின் மழித்த மீசையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அப்புறமா வர்றேன் என்று சைக்கிளைத் திருப்பினார்.

"வச்சிட்டுப் போங்க" என்றார் கண்ணாயிரம்.

அவர் போனதும் வாசற்படியில் சாக்கை விரித்து மோட்டாரை நிமிர்த்தினார். மூடியைக் கழற்றினார். கருகிய வார்னிஷ் வாசனை எழுந்தது. உள்ளே செம்புக் கம்பி முழுக்கக் கருத்துப்போய், ஒன்றோடொன்று உருகி ஒட்டிக் கிடந்தது. ஒரு முனையைத் தேடிக் குறட்டால் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலை முட்டுக் கொடுத்துக்கொண்டு மறுபடியும் இழுத்தார்.